வீட்டு ரவுட்டரின் ஃபர்ம்வேர்: வெளியே அனுப்புவதைக் கண்டறிதல், மூலநிரலைக் கேட்டுப் பெறுதல், மாற்றி நிறுவுதல்

வீட்டு ரவுட்டர் என்பது பெரும்பாலும் லினக்ஸில் இயங்கும் ஒரு சிறு கணினி. வீட்டிலுள்ள கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, கண்காணிப்புக் கேமரா என எல்லாச் சாதனங்களின் இணையப் போக்குவரத்தும் அதன் வழியாகவே போய்வருகிறது. ஆனால் அதற்குள் ஓடும் ஃபர்ம்வேர், அதாவது சாதனத்தை இயக்கும் உள் மென்பொருள், என்ன செய்கிறது என்பதை, அதை விலை கொடுத்து வாங்கியவர் பார்க்க வழியில்லாதபடியே பெரும்பாலான ரவுட்டர்கள் விற்கப்படுகின்றன. இதனால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ரவுட்டர் நம்மைப் பற்றி யாருக்கு என்ன அனுப்புகிறது என்பது ஒன்று. அதிலுள்ள கட்டற்ற மென்பொருளின், அதாவது எவரும் படித்து மாற்றிப் பகிரக்கூடிய மென்பொருளின், உரிம நிபந்தனைகளைத் தயாரிப்பாளர் மதித்திருக்கிறாரா என்பது மற்றொன்று. பாதுகாப்பு வல்லுநர்கள் முதலாவதையும் சட்டம் தெரிந்தவர்கள் இரண்டாவதையும் தனித்தனியே பேசுகிறார்கள். வீட்டில் ரவுட்டர் வைத்திருப்பவருக்கோ இவை ஒரே வேலையின் இரு பகுதிகள். தரவு வெளியே போவதைக் கண்டுபிடித்த பிறகு அதை நிறுத்துவதற்கான உறுதியான வழி, உரிமம் நமக்குத் தந்திருக்கும் உரிமையிலிருந்துதான் பிறக்கிறது.

இந்த வழிகாட்டியின் பெரும்பகுதிக்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஓரிரு இடங்களில் லினக்ஸ் முனையத்தில் கட்டளை கொடுக்கும் பழக்கம் இருந்தால் போதும்.

உரிமம் எதைத் தரும், எதைத் தராது

ஒரு சாதாரண ரவுட்டரின் ஃபர்ம்வேரில் மூன்று வகை மென்பொருள்கள் கலந்திருக்கும். முதல் வகை, பொதுவில் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள்: லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், அடிப்படைக் கட்டளைகளைத் தரும் பிஸிபாக்ஸ், தீச்சுவர் விதிகளைக் கையாளும் ஐபிடேபிள்ஸ், வீட்டுச் சாதனங்களுக்கு முகவரி வழங்கி, தளப் பெயருக்குரிய முகவரியைத் தேடும் டிஎன்எஸ் வினவல்களைக் கவனிக்கும் டிஎன்எஸ்மாஸ்க் போன்றவை. இரண்டாவது, வைஃபை சிப்பை இயக்கும் நிரலான ட்ரைவர். மீடியாடெக், குவால்காம் ஏதெரோஸ் சிப்புகள் பலவற்றுக்கு இது திறந்த மூலமாகக் கிடைக்கிறது, பிராட்காம் சிப்புகளுக்குப் பெரும்பாலும் மூடிய கோப்பாகவே வருகிறது. மூன்றாவது, தயாரிப்பாளர் தாமே சேர்த்தவை: நிர்வாகப் பக்கம், கைபேசிச் செயலியோடு பேசும் நிரல், மேகச் சேவைக்கான நிரல், பயன்பாட்டுத் தரவைத் திரட்டும் நிரல்.

லினக்ஸ் கர்னலும் பிஸிபாக்ஸும் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் 1991ஆம் ஆண்டுப் பதிப்பான இரண்டாம் பதிப்பின் கீழ் வருபவை. அதன் 3ஆம் பிரிவின்படி, நிரலை இயங்கும் வடிவில் பிறருக்குக் கொடுப்பவர் நிரலாளர் எழுதிய வடிவான மூலநிரலையும் உடன் கொடுக்க வேண்டும். அல்லது குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் எழுத்துமூல உறுதியைக் கொடுத்து, அதன்படி கேட்கும் எவருக்கும், அனுப்பும் செலவுக்கு மேல் வாங்காமல், மூலநிரலைத் தர வேண்டும். இந்த உரிமம் மூலநிரல் என்று சொல்லும்போது, நிரலைத் தொகுக்கவும் நிறுவவும் பயன்பட்ட ஸ்கிரிப்டுகளையும் சேர்த்தே சொல்கிறது. இந்தக் கடைசிச் சொற்றொடரைத்தான் தயாரிப்பாளர்கள் அதிகமாக மறக்கிறார்கள்.

இங்கே ஒரு தவறான எதிர்பார்ப்பைத் தொடக்கத்திலேயே களைந்துவிட வேண்டும். தரவு திரட்டும் நிரல் அநேகமாக மூன்றாவது வகையைச் சேர்ந்தது. தனி நிரலாக ஓடும் அதன் மூலநிரலைக் கேட்க ஜிபிஎல் நமக்கு உரிமை தருவதில்லை. மூலநிரல் பொதியை வாங்கித் திறந்தவுடன் வேவு பார்க்கும் வரிகள் கண்ணில் படும் என்று எண்ணியவர்கள் ஏமாற்றமடைவார்கள். உரிமத்தின் பயன் வேறு விதமானது. கர்னலும் அதன் அமைப்புக் கோப்புகளும் ட்ரைவர் மாற்றங்களும் கைக்கு வந்தால், மூன்றாவது வகை மென்பொருள் எதுவும் இல்லாத வேறொரு ஃபர்ம்வேரை அதே ரவுட்டரில் ஓட்ட முடியும்.

இது நடந்த கதை. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டர் 2002 இறுதியில் சந்தைக்கு வந்தது. 2003இல் அதன் ஃபர்ம்வேருக்குள் லினக்ஸ் இருப்பதும் மூலநிரல் தரப்படாமல் இருப்பதும் லினக்ஸ் உருவாக்குநர்களிடையே வெளிப்பட்டன. அதே ஆண்டில்தான் சிஸ்கோ லிங்க்சிஸை வாங்கியிருந்தது. அழுத்தத்துக்குப் பின் மூலநிரல் வெளியிடப்பட்டது; அதை அடித்தளமாகக் கொண்டு 2004 ஜனவரியில், ரவுட்டர்களுக்கான கட்டற்ற ஃபர்ம்வேரை உருவாக்கும் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் தொடங்கியது. அந்த ரவுட்டருக்குள் லினக்ஸ் வந்தது சிப்பு தயாரித்த பிராட்காம் வழியாக என்பதையும் கவனிக்க வேண்டும். சிப்பு நிறுவனம் தரும் மென்பொருள் தொகுப்பு ஒப்பந்தத் தயாரிப்பாளர் கைக்குப் போய், அங்கிருந்து பெட்டியில் பெயர் போடும் நிறுவனத்துக்கு வரும்போது, தாம் விற்பதில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாமல் போகிறது. மூலநிரல் கேட்டுக் கடிதம் எழுதும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மாற்றும் உரிமை நீதிமன்றத்திலும் சோதிக்கப்பட்டிருக்கிறது. ஜெர்மனியின் ஏவிஎம் நிறுவனம் தயாரிக்கும் ஃபிரிட்ஸ்பாக்ஸ் ரவுட்டர்களின் ஃபர்ம்வேரை, சிபிட்ஸ் என்ற நிறுவனம் தன் பெற்றோர் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக மாற்றியது. அதைத் தடுக்க ஏவிஎம் வழக்குத் தொடுத்தது. ஃபர்ம்வேரிலுள்ள ஜிபிஎல் பகுதிகளைப் பிறர் மாற்றுவதை ஏவிஎம் தடுக்க முடியாது என்று 2011 நவம்பரில் பெர்லின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அமைப்புகளில் உள்ளவற்றை முதலில் அணைத்தல்

எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய வேலை, ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைப் பொறுமையாக ஒரு முறை முழுதும் படிப்பது. தயாரிப்பாளர்கள் தரவு திரட்டுவது வெறும் ஊகம் இல்லை. 2012இல் சிஸ்கோ தன் லிங்க்சிஸ் இஏ வரிசை ரவுட்டர்கள் சிலவற்றுக்குத் தானாகவே ஒரு புதிய ஃபர்ம்வேரை அனுப்பியது. அதன் பிறகு நிர்வாகப் பக்கத்துக்குள் போக முயன்றவர்களிடம் மேகச் சேவைக் கணக்கு ஒன்றைத் தொடங்கும்படி கேட்டது. அந்தச் சேவையின் தனியுரிமை அறிக்கையில், இணைய வரலாறு உள்ளிட்டவற்றைத் திரட்டலாம் என்ற வாசகம் இருந்தது. எதிர்ப்பு வலுத்ததும் சிஸ்கோ பின்வாங்கியது. 2017இல் நெட்கியர் தன் ஆர்7000 ரவுட்டருக்கான புதுப்பிப்பில் பகுப்பாய்வுத் தரவு திரட்டலைச் சேர்த்தது; இணைக்கப்பட்ட சாதனங்களின் எண்ணிக்கை, ஐபி முகவரி, வன்பொருளின் அடையாள எண்ணான மேக் முகவரி, வைஃபை விவரம் ஆகியவை அதில் அடங்கும். அதை அணைக்கும் பொத்தானும் இருந்தது, ஆனால் ஃபர்ம்வேர் புதுப்பிப்புக்கான பக்கத்தில்.

ஆகவே தேடும்போது தனியுரிமை என்ற தலைப்பை மட்டும் நம்பக்கூடாது. பின்வரும் இடங்களில் பார்க்க வேண்டும்: ஃபர்ம்வேர் புதுப்பிப்புப் பக்கம், தொலைநிர்வாகம், மேகக் கணக்கு, பெற்றோர் கட்டுப்பாடு, போக்குவரத்துப் பகுப்பாய்வு, சேவைத்தர முன்னுரிமை, தீங்குநிரல் பாதுகாப்பு. இவற்றில் கடைசி நான்கும் நல்ல நோக்கமுள்ளவை போலத் தோன்றினாலும், பார்க்கப்படும் தளங்களின் பெயர்களை வெளி நிறுவனம் ஒன்றின் சேவையகத்துக்கு அனுப்பிச் சரிபார்க்கும் முறையில் இயங்கக்கூடியவை. ஏசூஸ் ரவுட்டர்களில் இத்தகைய வசதிகளை முதலில் இயக்கும்போது ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனத்தின் ஒப்பந்தத்துக்குச் சம்மதம் கேட்கப்படுகிறது. அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதற்கான இடம் நிர்வாகப் பகுதியின் தனியுரிமைத் தாளில் இருக்கிறது. சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் அந்த வசதிகளும் நின்றுவிடும். என் கருத்தில் அது நல்ல பேரம்தான்.

புதிதாக வாங்குவோர் இன்னொன்றைக் கடையிலேயே விசாரிக்க வேண்டும். ஈரோ, கூகுள் நெஸ்ட் வைஃபை போன்றவற்றை ஆன்லைன் கணக்கு இல்லாமல் நிறுவவே முடியாது. இணையம் அறுந்திருக்கும் நிலையிலும் உலாவியில் ரவுட்டரின் முகவரியைத் தட்டச்சு செய்து எல்லா அமைப்புகளையும் மாற்ற முடிகிற ரவுட்டரை மட்டுமே வாங்குவது நல்லது.

ரவுட்டரைத் தனியே வைத்துக் கவனித்தல்

அமைப்புகளில் அணைத்தது உண்மையிலேயே அணைந்திருக்கிறதா என்பதை ரவுட்டருக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். ரவுட்டர் தன்னைப் பற்றித் தானே தரும் பதிவேட்டை இதற்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது. தேவையானது இன்னொரு ரவுட்டர். அதில் ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடினால் மிகவும் வசதி. இணைய இணைப்பு அந்த வெளி ரவுட்டருக்குள் வர வேண்டும்; சோதிக்க வேண்டிய ரவுட்டரின் இணையத் துளையை, அதாவது வழக்கமாக வேறு நிறத்தில் இருக்கும் வான் துளையை, வெளி ரவுட்டரின் லேன் துளை ஒன்றோடு கேபிளால் இணைக்க வேண்டும். இரண்டும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியைக் கொண்டிருந்தால் குழப்பம் வரும் என்பதால், உள் ரவுட்டரின் முகவரியை முன்கூட்டியே 192.168.2.1 என்று மாற்றிவிட வேண்டும். அதன் இணைய இணைப்பு வகையைத் தானியங்கி முகவரி பெறும் முறையில் வைக்க வேண்டும்.

பிறகு உள் ரவுட்டரோடு எந்தச் சாதனத்தையும் இணைக்காமல் ஒரு முழு நாள் விட்டுவிட வேண்டும். கைபேசியும் கணினியும் இல்லாதபோது அதன் வான் துளையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் ரவுட்டரின் சொந்த வேலைதான். வெளி ரவுட்டரில், போக்குவரத்தைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப் கருவியை நிறுவி, உள் ரவுட்டருக்குக் கிடைத்த முகவரியை மட்டும் வடிகட்டிப் பதிவு செய்து, அந்தப் பதிவைக் கணினியில் வயர்ஷார்க் என்ற ஆய்வு மென்பொருளில் திறந்தால் எந்த நேரத்தில் எந்தப் பெயரைத் தேடியது, எந்த முகவரியோடு எவ்வளவு பேசியது என்பது வரிசையாகத் தெரியும். இரண்டாவது ரவுட்டர் இல்லாதவர்கள், ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில், டிஎன்எஸ் வினவல்களைப் பதிவு செய்யும் பைஹோல் மென்பொருளை நிறுவி, ரவுட்டரின் வான் பக்க டிஎன்எஸ் முகவரியாக அதைக் கொடுக்கலாம். டிஎன்எஸ் வினவல்கள் மட்டும் தெரியும் என்றாலும் தொடக்கத்துக்கு அது போதும், ஆனால் 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ்) போன்ற முகவரியை ஃபர்ம்வேருக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் நிரல்கள் இந்த வலையில் சிக்கமாட்டா.

பதிவில் என்ன எதிர்பார்க்கலாம்? நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி வினவல்கள் எல்லா ரவுட்டரிலும் இருக்கும். அவற்றால் கவலை இல்லை. இணைய இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஏதோ ஒரு பெரிய தளத்தின் பெயரை அடிக்கடி தேடுவதும் உண்டு. நாளுக்கு ஒரு முறை புதுப்பிப்பு இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் சேவையகத்தைக் கேட்பது நியாயமானது. மேகக் கணக்கை அணைத்த பிறகும் மேகச் சேவையகத்தோடு நிலையான இணைப்பு தொடர்ந்தால், அல்லது பகுப்பாய்வு, நடத்தை, பாதுகாப்புச் சேவை என்று பொருள்படும் பெயருள்ள தளங்களுக்கு நூற்றுக்கணக்கான வினவல்கள் போனால், அங்கேதான் நின்று பார்க்க வேண்டும். உள்ளடக்கம் மறைகுறியாக்கப்பட்டிருப்பதால் என்ன அனுப்பப்பட்டது என்பது தெரியாது; யாருக்கு, எத்தனை முறை, எவ்வளவு என்பவை தெரியும்.

அடுத்த நாள் ஒரு மடிக்கணினியை மட்டும் உள் ரவுட்டரோடு இணைத்து, குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் பார்த்து, மீண்டும் பதிவு செய்ய வேண்டும். வெளியிலிருந்து பார்க்கையில் மடிக்கணினியின் போக்குவரத்தும் ரவுட்டரின் சொந்தப் போக்குவரத்தும் ஒரே முகவரியிலிருந்து வருவதாகவே தோன்றும் என்பதால், இவற்றைப் பிரித்தறிய முதல் நாள் பட்டியல் உதவுகிறது. முதல் நாள் பார்த்த அதே சேவையகங்களுக்குப் போகும் வினவல்கள், நீங்கள் தளங்களைத் திறக்கும் வேகத்துக்கு ஏற்பக் கூடுகின்றன என்றால், நீங்கள் பார்ப்பதைப் பற்றி ரவுட்டர் யாரிடமோ கேட்கிறது என்று முடிவு செய்யலாம்.

ஃபர்ம்வேர் கோப்பைப் பிரித்துப் பார்த்தல்

தயாரிப்பாளரின் இணையதளத்தில் ஃபர்ம்வேர் பதிவிறக்கம் கிடைக்கும். அந்தக் கோப்பை லினக்ஸ் கணினியில் பின்வாக் என்ற கருவியிடம் கொடுத்தால், அதற்குள் எங்கே கர்னல் இருக்கிறது, எங்கே கோப்பு முறைமை தொடங்குகிறது என்பதைக் காட்டும், பிரித்தெடுக்கவும் செய்யும். பெரும்பாலும் கிடைப்பது ஸ்குவாஷ்எஃப்எஸ் வகைக் கோப்பு முறைமை. பின்வாக் எதையும் அடையாளம் காணாமல், கோப்பு முழுவதும் ஒழுங்கற்ற எண்களாகவே தெரிந்தால், ஃபர்ம்வேர் மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சட்டப்படி பெற்ற கணினி நிரலின் செயல்பாட்டை அதன் அடிப்படைக் கருத்துகளை அறிவதற்காகக் கவனித்து ஆராய்வதற்கு இடம் தருகிறது. பிரித்தெடுத்த கோப்புகளைப் பிறருக்கு விநியோகிப்பது அதில் சேராது.

பிரிந்து வந்த அடைவுகளில் இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்யலாம். உரிமத்துக்காக, பிஸிபாக்ஸ் கோப்பின் மீது, அதிலுள்ள எழுத்து வரிகளைக் காட்டும் ஸ்டிரிங்ஸ் கட்டளையை ஓட்டி அதன் பெயரும் பதிப்பு எண்ணும் உள்ள வரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். கர்னல் மாட்யூல்கள் இருக்கும் அடைவின் பெயரே கர்னல் பதிப்பைச் சொல்லிவிடும். இவைதான் பிறகு கடிதத்தில் சான்றாக அமையும். தனியுரிமைக்காக, அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி அடைவிலுள்ள தொடக்க ஸ்கிரிப்டுகளைப் படித்து, ரவுட்டர் எழும்போது எந்தெந்த நிரல்கள் ஓடத் தொடங்குகின்றன என்று பார்க்க வேண்டும். குறித்த நேரத்தில் ஓடும் கிரான் வேலைகளையும் பார்க்க வேண்டும். பிறகு, முந்தைய சோதனையில் அகப்பட்ட தளப் பெயர்களை எல்லாக் கோப்புகளிலும் தேடினால், எந்த நிரல் அவற்றோடு பேசுகிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். வெளியே பதிவான வினவலும் உள்ளே இருக்கும் நிரலும் பொருந்தும்போது கிடைக்கும் தெளிவை எந்தத் தனியுரிமைக் கொள்கை ஆவணமும் தராது.

மூலநிரலைக் கேட்டு எழுதுதல்

முதலில் பெட்டியோடு வந்த தாளையும் நிர்வாகப் பக்கத்தின் சட்டக் குறிப்பையும் பார்க்க வேண்டும். எழுத்துமூல உறுதி அங்கே இருந்தால் அதில் உள்ள முகவரிக்கே எழுதலாம். பல தயாரிப்பாளர்கள் தங்கள் தளத்தில் ஜிபிஎல் பொதிகளை மாதிரிவாரியாகப் பதிவிறக்கத்துக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் மாதிரியும் வன்பொருள் பதிப்பும் ஃபர்ம்வேர் பதிப்பும் அங்கே இருந்தால் கடிதமே தேவையில்லை. இல்லாவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்கு, தேவைப்பட்டால் ஆங்கிலத்தில், எழுத வேண்டும். கடிதம் சுருக்கமாகவும் குற்றச்சாட்டு இல்லாமலும் இருக்க வேண்டும். அதன் சாரம் இவ்வாறு அமையலாம்:

“தங்கள் நிறுவனத்தின் இந்த மாதிரி ரவுட்டரை, இந்த வன்பொருள் பதிப்பில், இந்தத் தேதியில் வாங்கியுள்ளேன். இதில் தற்போது இந்த எண்ணுள்ள ஃபர்ம்வேர் நிறுவப்பட்டுள்ளது. இதில் லினக்ஸ் கர்னலும் பிஸிபாக்ஸும் இன்னின்ன பதிப்புகளில் இருப்பதைக் காண்கிறேன். ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் 3ஆம் பிரிவின்படி, இந்த ஃபர்ம்வேருக்கு நேரடியாகப் பொருந்தும் முழு மூலநிரலையும், தொகுப்பதற்கும் நிறுவுவதற்கும் பயன்பட்ட ஸ்கிரிப்டுகளையும் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். ஜிபிஎல் அல்லது எல்ஜிபிஎல் உரிமம் கொண்ட வேறு நிரல்கள் இருந்தால் அவற்றுக்கும் இதே கோரிக்கை பொருந்தும்.”

முதல் பதில் பெரும்பாலும், இது எங்கள் நிறுவனத்தின் இரகசியத் தகவல், தர இயலாது என்பதாக இருக்கும். சேவைப் பிரிவில் இருப்பவருக்கு உரிமம் பற்றித் தெரிந்திருக்காது. சினமின்றி, சட்டப் பிரிவுக்கோ பொறியியல் பிரிவுக்கோ அனுப்பும்படி மறுபடியும் எழுத வேண்டும். புகார் எண்ணையும் தேதிகளையும் குறித்து வைக்க வேண்டும்.

பொதி வந்ததும் வேலை முடிந்ததாகக் கொள்ளக்கூடாது. கர்னலின் பதிப்பு நாம் கண்ட பதிப்போடு ஒத்திருக்கிறதா, கர்னல் எந்த அமைப்புத் தேர்வுகளோடு தொகுக்கப்பட்டது என்று காட்டும் கோப்பு இருக்கிறதா, தயாரிப்பாளர் செய்த மாற்றங்கள் உள்ளனவா, பொதுவில் கிடைக்கும் கர்னலை அப்படியே பெட்டியில் கட்டி அனுப்பிவிட்டார்களா, தொகுத்தால் உண்மையிலேயே ஒரு ஃபர்ம்வேர் கோப்பு உருவாகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். குறை இருந்தால், எந்தக் கோப்பு இல்லை என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் பலன் கிடைக்கும்.

எதற்கும் பதில் வராவிட்டால், மென்பொருளை எழுதிய பதிப்புரிமையாளர்களுக்கே வழக்குத் தொடுக்கும் உரிமை தெளிவாக இருக்கிறது. அமெரிக்காவின் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி அமைப்பு இத்தகைய புகார்களைப் பெற்று நிறுவனங்களோடு பேசுகிறது. மேற்கண்ட சான்றுகளோடு அதற்கு எழுதலாம். பிஸிபாக்ஸ் எழுதியவர்கள் 2007இல் தொடுத்த வழக்குகளில் ஒன்று, வாடிக்கையாளர்களுக்கு ரவுட்டர் கொடுத்த வெரைசன் மீதானது. அது 2008இல் சமரசத்தில் முடிந்தது. சிஸ்கோ மீது ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் 2008 டிசம்பரில் தொடுத்த வழக்கும் 2009 மே மாதத்தில் சமரசமாகி, உரிம நிபந்தனைகள் கடைப்பிடிக்கப்படுவதைக் கவனிக்க ஒரு தனிப் பொறுப்பாளர் நியமிக்கப்பட்டார். கடிதம் எழுதுபவர் தனியாக இல்லை என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன்.

மாற்று ஃபர்ம்வேரை நிறுவுதல்

தனியுரிமையைப் பொறுத்தவரை நிலையான தீர்வு இதுதான். பாதுகாப்புக்கும் இதே காரணம் பொருந்தும்: ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 2020இல் ஏழு நிறுவனங்களின் 127 வீட்டு ரவுட்டர்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் 46 ரவுட்டர்களுக்கு அதற்கு முந்தைய ஓராண்டில் ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்புகூட வந்திருக்கவில்லை.

ஓப்பன்டபிள்யூஆர்டி தளத்தின் வன்பொருள் அட்டவணையில் உங்கள் ரவுட்டரைத் தேடுங்கள். மாதிரிப் பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. அடிப்பகுதியிலுள்ள வெள்ளை ஒட்டியில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வன்பொருள் பதிப்பு எண்ணும் பொருந்த வேண்டும். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 போன்ற மாதிரிகளில் பதிப்புக்குப் பதிப்பு உள்ளமைப்பு மாறுகிறது; டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரே 5ஆம் பதிப்பில் நினைவகம் குறைக்கப்பட்டு, லினக்ஸை விட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற மூடிய இயக்கமுறைமைக்கு மாறியது. ஃபிளாஷ் 4 எம்பி, நினைவகம் 32 எம்பி மட்டுமே உள்ள பழைய ரவுட்டர்களை இன்றைய பதிப்புகள் ஆதரிப்பதில்லை. புதிதாக வாங்குவதானால் குறைந்தது 16 எம்பி ஃபிளாஷும் 128 எம்பி நினைவகமும் இருக்கட்டும். பிராட்காம் வைஃபை சிப்பைத் தவிர்த்துவிடுங்கள். 2024 நவம்பரில் வெளியான ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்ற ரவுட்டர், இந்தத் திட்டமும் கன்சர்வன்சியும் சேர்ந்து, மாற்றி நிறுவும் உரிமையை மனத்தில் கொண்டே வடிவமைத்தது.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை சில. தயாரிப்பாளரின் ஃபர்ம்வேரிலிருந்து முதல் முறை மாறுவதற்கு ஃபேக்டரி என்ற பெயர் தாங்கிய கோப்பும், ஓப்பன்டபிள்யூஆர்டியிலிருந்து அதன் அடுத்த பதிப்புக்குப் போவதற்கு சிஸ்அப்கிரேட் என்ற பெயர் தாங்கிய கோப்பும் பயன்படும். இவற்றை மாற்றிப் போடக்கூடாது. பதிவிறக்கிய கோப்பு பழுதின்றி வந்திருக்கிறதா என்று காட்டும் எஸ்எச்ஏ256 கூட்டெண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். தயாரிப்பாளரின் பழைய ஃபர்ம்வேர் கோப்பையும், மீட்பு முறை பற்றிய பக்கத்தையும் முன்பே கணினியில் சேமித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் நடுவில் இணையம் இருக்காது. வைஃபை வழியாக அல்லாமல் கேபிள் வழியாகவே ஏற்ற வேண்டும். எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் ரவுட்டர் எழாமல் போகக்கூடும் என்பதால் யுபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்துச் செய்வது நல்லது.

முதல் முறை நுழையும்போது, நிர்வாகக் கணக்கான ரூட் கணக்குக்குக் கடவுச்சொல் இருக்காது. அதை உடனே அமைக்க வேண்டும். வைஃபை பெரும்பாலும் அணைந்தே இருக்கும்; இயக்கும் முன் நாட்டுக் குறியீட்டை இந்தியா என்று, அல்லது நீங்கள் வாழும் நாடு எதுவோ அதுவென்று தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த அலைவரிசையில் எவ்வளவு வலுவோடு ஒலிபரப்பலாம் என்பது அந்தந்த நாட்டு விதி; மாற்று ஃபர்ம்வேர் கையில் இருப்பதால் அதை மீறும் உரிமை வந்துவிடாது. 2016இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், அலைவரிசை விதிகளை மீறியதற்காக டிபி-லிங்க் நிறுவனத்துக்கு 2,00,000 டாலர் அபராதம் விதித்த அதே சமரசத்தில், மாற்று ஃபர்ம்வேருக்கு இடம் தரும் வழிகளை ஆராயும்படியும் அந்த நிறுவனத்தை ஒப்புக்கொள்ள வைத்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல என்பதை அந்த ஆணை நன்றாகக் காட்டுகிறது.

இழப்புகளையும் சொல்லிவிட வேண்டும். பல பெட்டிகளை ஒரே வைஃபையாக இணைக்கும் தயாரிப்பாளரின் மெஷ் வசதியும் கைபேசிச் செயலியும் போய்விடும். சில மாதிரிகளில் வேகம் சற்றுக் குறையலாம். உத்தரவாதம் பாதிக்கப்படலாம். வைஃபை சிப்புக்குள் ஏற்றப்படும் நுண்நிரல் பல மாதிரிகளில் இன்னும் மூடியதாகவே இருக்கிறது. முழுத் திறப்பு என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் மேகக் கணக்கும் பகுப்பாய்வு நிரலும் அறவே இல்லாத நிலை இது.

இணைப்பு நிறுவனம் கொடுத்த பெட்டியானால்

ஃபைபர் இணைப்போடு வரும் பெட்டி பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து. அதில் ஃபர்ம்வேரை மாற்ற முயலக்கூடாது. அதை டிஆர்-069 என்ற நெறிமுறை வழியாக நிறுவனம் தொலைவிலிருந்து நிர்வகிக்கிறது. பழுது பார்க்க அது உதவுகிறது என்பது உண்மை. அதே வழியில், பெட்டியோடு இணைந்திருக்கும் சாதனங்களின் பெயர், ஐபி முகவரி, மேக் முகவரி அடங்கிய பட்டியலையும் நிறுவனம் படிக்க முடியும் என்பதும் உண்மை. அந்த நெறிமுறைக்குரிய 7547ஆம் போர்ட் வழியாக நடந்த தாக்குதலில்தான் 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச் டெலிகாமின் ஏறத்தாழ 9,00,000 வாடிக்கையாளர்களின் இணைப்பு பாதிக்கப்பட்டது.

செய்யக்கூடியது, பெட்டியை, ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரும்படி நிறுவனத்தைக் கேட்டு, இணைப்பில் நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் விலேன் எண்ணையும் பெற்று, சொந்த ரவுட்டரில் அவற்றை இடுவது. தொலைபேசி இணைப்பும் அதே பெட்டியில் இருந்தால் அது தொடர்ந்து இயங்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். பிரிட்ஜ் முறைக்கு மறுத்தால், பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, அதற்குப் பின்னால் உங்கள் ரவுட்டரை வைத்து, எல்லாச் சாதனங்களையும் உங்கள் ரவுட்டரோடு மட்டும் இணைக்கலாம். நிறுவனத்தின் பட்டியலில் அப்போது ஒரே ஒரு சாதனம்தான் தெரியும். எந்த முகவரிகளுக்குப் போகிறீர்கள் என்பதை இணைப்பு நிறுவனம் எப்படியும் பார்க்கும்; டிஎன்எஸ் வினவல்களையாவது மறைக்க விரும்பினால், ஓப்பன்டபிள்யூஆர்டியில் மறைகுறியாக்கிய டிஎன்எஸ் தரும் பொதியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பெட்டி வாடகைக்குத்தான் வந்தது என்றாலும் மூலநிரலைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. பிரான்சின் ஃப்ரீ நிறுவனம், ஃப்ரீபாக்ஸ் பெட்டி தன் சொத்தாகவே வாடிக்கையாளர் வீட்டில் இருப்பதால் அது விநியோகம் ஆகாது என்று வாதிட்டது. 2008இல் அதன் மீது வழக்குத் தொடுக்கப்பட்டு, 2011இல் அது முடிவுக்கு வந்தபோது மூலநிரல் வெளியாகியிருந்தது. கோரிக்கையைப் பெட்டியைத் தயாரித்தவருக்கும் கொடுத்தவருக்கும் சேர்த்தே அனுப்புங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிப்பதை அது பெரும்பாலும் தடுத்துவிடும்.

மாற்று ஃபர்ம்வேரை நிறுவிய பிறகு, முன்பு சொன்ன வெளி ரவுட்டர் சோதனையை இன்னொரு முறை செய்து அந்தப் பதிவையும் பழைய பதிவோடு சேர்த்துச் சேமித்து வையுங்கள். நேரச் சேவையகத்துக்கான வினவல்கள் இப்போதும் இருக்கும். அவற்றையும் விருப்பமான சேவையகத்துக்கு மாற்ற அமைப்புகளில் இடம் உண்டு. தானியங்கிப் புதுப்பிப்பு இராது என்பதால் புதிய பதிப்பு அறிவிப்புகளைப் பின்தொடர வேண்டும். புதிய தொடர் வந்து சில மாதங்களில் பழைய தொடருக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும். ஒவ்வொரு மேம்படுத்தலுக்கும் முன் அமைப்புகளின் நகலை ரவுட்டரிலிருந்து இறக்கிக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நகலில் வைஃபை கடவுச்சொல் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும் என்பதால் அதை மேகச் சேமிப்பில் இடாதீர்கள்.